இனுக்சுக்கை வாசிப்பது எப்படி?

கனடாவுக்குப் போய்வருகிறவர்கள் வாங்கிவரும் பொருள்களில், ஐந்தாறு தட்டைக் கற்களை ஒட்டிச் செய்த ஒரு குட்டி மனித உருவம் அநேகமாக இருக்கும். இரண்டு கால், ஒரு உடம்பு, இருபுறமும் நீட்டிய கை, உச்சியில் தலை. டொராண்டோ தமிழர்களுக்கு இதன் பெரிய வடிவம் ஏரிக்கரைப் பூங்காவில் பார்த்துப் பழகியது. என்னவென்று கேட்டால் "இனுக்சுக், நட்பின் சின்னம்" என்று பதில் வரும். விமான நிலையக் கடைக்கு அந்தப் பதில் போதும். ஆனால் இந்தக் கற்களை நம்பிப் பயணம் போய்த் திரும்பி வந்தவர்களுக்கு, தலையும் கையும் பெரிய விஷயமே இல்லை. கல் எங்கே நிற்கிறது, அங்கிருந்து என்ன தெரிகிறது என்பதில்தான் அவர்களுடைய கண் இருக்கும்.

பெயரிலிருந்து தொடங்குவோம். நம் பழைய பாடப்புத்தகங்கள் 'எஸ்கிமோக்கள்' என்று சொல்லிக்கொடுத்தவர்களில் கனடா, கிரீன்லாந்துப் பக்கத்து மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் இனுயிட். அவர்களுடைய மொழியில் ஒருவர் என்றால் இனுக், இருவர் என்றால் இனூக், மூவரும் அதற்கு மேலும் என்றால் இனுயிட். தமிழில் இல்லாத இருமை எண் அங்கே உண்டு. 'இனுக்' என்றால் மனிதர். அதோடு 'சுக்' என்ற விகுதி சேரும்போது 'மனிதருக்குப் பதிலாக வேலை பார்ப்பது' என்று பொருள் வருகிறது. நம்மிடம் இதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: பதிலாள். பலவற்றைச் சொல்லும்போது இனுக்சுயிட்.

பதிலாள் என்பவர் முதலாளியைப் போலவே முகம் உள்ளவராக இருக்க வேண்டியதில்லை. அவர் பார்க்க வேண்டிய வேலையைப் பார்த்தால் போதும். இனுக்சுக்கும் அப்படித்தான். ஒற்றைக் கல் செங்குத்தாக நின்றாலும் அது இனுக்சுக். நாலு கல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தாலும், ஜன்னல்போல நடுவில் ஓட்டை விட்டுக் கட்டியிருந்தாலும் இனுக்சுக்தான். கையும் காலும் தலையும் வைத்து மனித வடிவமாகவே செய்ததற்கு வேறு பெயர் உண்டு: இனுங்ஙுவாக். 'மனிதரைப் போன்றது' என்று பொருள். பொம்மைக்கும் பாவனைக்கும் சேர்க்கிற விகுதி அது. பரிசுக் கடையில் விற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை, முதல் வகையின் பெயரைச் சுமந்துகொண்டு.

எந்த நிலத்துக்கு இது தேவைப்பட்டது

மர எல்லைக்கு வடக்கே மரம் கிடையாது. நமக்கு வழி சொல்லும்போது வரும் புளியமரமோ அரசமரமோ அங்கே எதுவும் இல்லை. துந்திரா எனும் அந்த நிலத்தில் பாறை, சரளை, பாசி, ஏரி, மறுபடி பாறை. மேடுகள் ஒன்றுபோலவே இருக்கும். குளிர்காலத்தில் ஏரியும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். நுனாவுட் என்ற கனடியப் பிரதேசம் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 37 ஆயிரத்தைத் தொடவில்லை. இன்றைக்கும் அதன் 25 ஊர்களை இணைக்கும் சாலை வலை கிடையாது. கரிபூ எனும் துருவமான், மீன், சீல் இவற்றின் பின்னால் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தவர்களுக்கு, போன வருடம் பிடித்த இடத்தை இந்த வருடமும் கண்டுபிடிப்பது பசியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

இனுக்சுக் மட்டுமே வழிகாட்டி என்று நினைத்துவிடக் கூடாது. நட்சத்திரம், காற்று, பனியின் வடிவம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த அறிவு. நுனாவுட்டின் இக்லூலிக் பகுதியில் 'ஊக்கலுராயிட்' என்று ஒன்றைச் சொல்வார்கள்: வடமேற்குப் பக்கமிருந்து வீசும் 'உவாங்நாக்' காற்று தரையில் செதுக்கி வைக்கும், நாக்கு வடிவிலான கெட்டிப்பனி. ஒரே காற்று செதுக்கியதால் அவை எல்லாம் ஒரே திசையில் இருக்கும். வண்டி எந்தக் கோணத்தில் அவற்றைக் குறுக்கே வெட்டிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், மூடுபனியிலும் திசை தப்பாது. ஆனால் பனி திசையைத்தான் சொல்லும். 'நீ வந்து சேர்ந்த இடம் இதுதான்' என்று சொல்லாது. அந்த இடத்தைச் சொல்லத்தான் கல் வேண்டும்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டால், ஏன் இவை மேட்டின் உச்சியிலேயே நிற்கின்றன என்பது புரியும். 1.5 மீட்டர் உயரக் கல்லடுக்கு 1 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு மீட்டர் தள்ளிவைத்த அரிசி மணியின் தடிமன் அளவுக்குத்தான் தெரியும். 5 கிலோமீட்டர் போனால் நல்ல கண்ணின் எல்லை வந்துவிடும். அதற்கு மேல் அது புள்ளிகூட இல்லை. அந்த 5 கிலோமீட்டரும்கூட, பின்னால் வானம் இருந்தால்தான். சரிவின் நடுவில் வைத்தால் பின்னால் இருப்பதும் அதே நிறப் பாறை. 300 மீட்டரிலேயே கரைந்துவிடும். உச்சியில் வைத்தால் வானத்தின் மேல் கறுப்புக் கீறலாக நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு: மேட்டில் காற்று பனியைத் தங்கவிடாது. பள்ளத்தில் கட்டியதைப் பனி மூடிவிடும், அதுவும் தேவைப்படுகிற மாதங்களிலேயே.

வேலைக்கு ஏற்ற பெயர்

எல்லாவற்றையும் 'இனுக்சுக்' என்று அழைப்பது, ஊரில் உள்ள அத்தனை பேரையும் 'வேலைக்காரர்' என்று அழைப்பதுபோல. கிளைமொழிக்குக் கிளைமொழி பெயர் மாறும் என்றாலும், நுனாவுட்டின் தென் பாஃபின் தீவுப் பக்கத்தில் வழங்கும் சில பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

'நலுனைக்குதாக்' என்றால் தெரியாமையைப் போக்குவது, குழப்பம் தீர்ப்பது. அநேகமாக ஒரு கல்லை நிறுத்தி வைத்திருப்பார்கள், அல்லது இரண்டு கல். ஆற்றைக் கடக்கத் தோதான இடம், இரண்டு பள்ளத்தாக்கில் எது சரியானது என்பதுபோன்ற கேள்விகளுக்கு இது பதில். 'திக்கூத்தி' என்பது சுட்டிக்காட்டுவது. இது நிற்க வேண்டும் என்றுகூட இல்லை: முக்கோணத் தட்டைக் கல் ஒன்று படுத்துக் கிடக்கலாம், பெரிதிலிருந்து சிறிதாகக் குறைந்துகொண்டே போகும் கல்வரிசையாக இருக்கலாம். கூர்மையான முனை எந்தப் பக்கமோ, செய்தி அந்தப் பக்கம்.

'பிருயக்கார்விக்' இறைச்சிக் கிடங்கு இருக்கும் இடத்தைக் காட்டுவது. இலையுதிர் காலத்தில் வேட்டையாடிய கரிபூவை அங்கேயே கற்களால் மூடி வைத்துவிட்டு வருவார்கள். நரியும் ஓநாயும் மூக்கை நுழைக்காதபடி கற்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். அதே சமயம் காற்று உள்ளே போய்வர வேண்டும். நாலைந்து மாதம் கழித்து நாய்வண்டியில் திரும்பி வரும்போது எல்லாம் பனிக்கு அடியில். அப்போது வெளியே தலைநீட்டி நிற்கும் உயரக் கல் இல்லையென்றால், உழைப்பு முழுவதும் நரிக்குத்தான் போகும்.

ஜன்னல் வடிவம் கொண்டது 'நியுங்வலிருலுக்'. இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குக் கல், நடுவில் திறப்பு. புகைப்படம் எடுப்பவர்கள் இதன் முன்னால் நின்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உண்மையில் இது பார்க்க வேண்டிய பொருள் அல்ல, இதன் வழியாகப் பார்க்க வேண்டும். குனிந்து திறப்பில் கண்ணை வைத்தால், தொலைவில் ஒரு மலையிடுக்கோ தீவோ இன்னொரு இனுக்சுக்கோ அந்தச் சட்டத்துக்குள் சரியாக உட்காரும். துப்பாக்கியில் குறி பார்க்கும் அதே தத்துவம்: கண், திறப்பு, தூரத்துப் பொருள் மூன்றும் ஒரே கோட்டில் வந்தால் திசை பிசகாது. விரலால் சுட்டுவதைவிட இது பல மடங்கு துல்லியம்.

இவை தவிர, ஆவி குடியிருப்பதாகக் கருதப்பட்டவையும் மந்திரவாதிகளான 'அங்கக்குக்'குகளோடு தொடர்புடையவையும் உண்டு. வாசல் வடிவில் கட்டிய 'துப்குயாக்' வழியாக அங்கக்குக் ஆவியுலகுக்குள் நுழைவார் என்று தென் பாஃபினில் உள்ள கிங்கைட் ஊர்ப் பக்கத்து முதியவர்கள் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அத்தகைய இடங்களில் மரியாதை காட்டும் வழக்கமும், சிலவற்றின் கிட்டே போகாமல் தூரத்திலேயே நிற்கும் வழக்கமும் இருந்தன. ஜன்னலையும் வாசலையும் வெளியாள் பார்த்துப் பிரித்துச் சொல்வது கடினம். ஒன்று திசைகாட்டும் கருவி, மற்றது வழிபாட்டுக்கு நெருக்கமான ஒன்று. எது எது என்பதை அந்த இடத்தின் கதை தெரிந்தவர்தான் சொல்ல முடியும். 'இனுக்சுக் என்றால் இதுதான் அர்த்தம்' என்று ஒரே வரியில் முடிக்கும் விளக்கங்களை நம்பாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

மானை ஏமாற்றும் வரிசை

இனுக்சுக் எப்படி ஆளின் வேலையைப் பார்க்கிறது என்பதைக் கரிபூ வேட்டையில்தான் கண்ணால் காணலாம். இந்த வேலைக்கான கல் 'அவுலக்குத்', விரட்டி ஓடவைப்பது. சோளக்கொல்லைப் பொம்மை ஞாபகம் வந்தால் தவறில்லை. ஆனால் கொல்லைப் பொம்மை வராதே என்று மட்டும் சொல்லும். இது இந்தப் பக்கம் போ என்றும் சொல்லும்.

மேலிருந்து பார்த்தால் அமைப்பு ஒரு புனல். அகன்ற வாய் மான்கள் வரும் திசையில். இரண்டு பக்கமும் இனுக்சுயிட் வரிசையாக நின்று, போகப்போக நெருங்கிக்கொண்டே வரும். குறுகிய முனை முடிவது ஓர் ஏரியில் அல்லது ஆற்றுத் துறையில்; இல்லையென்றால் வில்லோடு ஆட்கள் ஒளிந்திருக்கும் தாழ்வான கல்மறைவுகளில். அந்த மறைவுக்கு 'தாலு' என்று பெயர். கற்கள் ஆள் உயரம் இருக்க வேண்டிய அவசியமில்லை. மேட்டு விளிம்பில் இரண்டு மூன்று கல் அடுக்கி, உச்சியில் ஒரு கட்டி மண்ணையோ பாசியையோ முடிபோல வைத்தால், கீழே வரும் மானுக்கு அது தலையை எட்டிப் பார்க்கும் ஆள்.

இது ஏன் வேலை செய்கிறது? கரிபூவுக்கு அசைவும் வாசனையும் பிடிபடுகிற அளவுக்கு அசையாத உருவம் பிடிபடாது. ஆனால் விளிம்பில் வரிசையாக எதுவோ நிற்கிறது என்றால் மந்தை அதைக் குறுக்கே கடக்கத் தயங்கி, அதன் ஓரமாகவே நடக்கும். அந்தத் தயக்கம் போதும். பின்னால் பெண்களும் சிறுவர்களும் ஓநாய்போல ஊளையிட்டுக்கொண்டு வருவார்கள். இரண்டு மூன்று குடும்பத்து ஆட்களைக் கொண்டு ஒரு பெரிய சரிவு முழுவதையும் காவல் காக்க முடியாது. மீதி ஆட்களின் இடத்தில் கல் நிற்கிறது. பதிலாள் என்ற பெயர் இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை.

தண்ணீரில் இறங்கிய மான் வேகம் குறைந்துவிடும். கயாக் படகில் காத்திருப்பவர் ஈட்டியால் குத்தலாம். நடு நுனாவுட்டில் பேக்கர் லேக் ஊருக்குத் தெற்கே கசான் ஆற்றின் கரையில் ஹர்வக்தூர்மியுட் என்ற இனுயிட் குழுவினர் இப்படித்தான் இலையுதிர் கால வேட்டையை நடத்தினார்கள். அந்தத் துறைகள் இன்று கனடாவின் தேசிய வரலாற்றுத் தலம். கிரீன்லாந்தின் மேற்கில் ஆசிவிஸ்ஸுயிட் என்ற வேட்டை நிலத்திலும் இதேபோன்ற கல்வரிசைகள் உண்டு. 2018இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடர் வரை இந்த உத்தி பரவியிருக்கிறது.

வரிசை எங்கே தோற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது காற்று. ஒளிந்திருப்பவர் பக்கமிருந்து மானை நோக்கிக் காற்று அடித்தால் எத்தனை கல் இருந்தும் பயனில்லை. வாசனை பட்டதும் மந்தை திரும்பிவிடும். அடுத்தது இடைவெளி. நடுவில் ஒரு கல் விழுந்து ஓட்டை பெரிதானால், முதல் மான் அதன் வழியாகப் போகும், மற்றவை பின்தொடரும். அதனால் வேட்டைக்கு முன் வரிசையை நடந்து பார்த்து, சாய்ந்ததை நிமிர்த்தி, உச்சிப் பாசியைப் புதிதாக வைப்பதும் வேலையில் சேர்த்தி.

சாந்து இல்லாமல் நிற்பது எப்படி

கட்டுமானத்தில் சிமெண்டும் இல்லை, களிமண்ணும் இல்லை. கல்லின் கனமும் உராய்வும்தான் பிடிப்பு. வடிவத்தை முடிவு செய்வது பெரும்பாலும் கட்டுபவரின் கற்பனை அல்ல, அங்கே கிடைக்கும் கல். இக்லூலிக் தீவுபோலச் சுண்ணாம்புக்கல் பலகை பலகையாக உரியும் இடத்தில் மெல்லிய அடுக்கு சுலபம். உருண்டைப் பாறைகளை மட்டும் பனியாறு விட்டுப்போன இடத்தில் குவியலோ ஒற்றைக் கல்லோதான் வரும்.

கனத்தைக் குறைத்து மதிப்பிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ. அந்தக் கணக்கில் 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. தடிமன் உள்ள பலகையே 32 கிலோ. தடிமன் இரட்டித்தால் 65 கிலோ. இரண்டு ஆள் வேண்டும். ஆள் உயர இனுக்சுக் என்றால் பல நூறு கிலோ கல், அக்கம்பக்கத்தில் கிடைப்பதாக இருந்தால்தான் நடக்கும்.

அடித்தளம் பாறை மேலேயே இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தண்ணீர் வடியும் சரளை. பாசி மெத்தைமேல் வைத்தால் முதல் வருடம் அழகாக நிற்கும், பிறகு சாயும். காரணம், அந்த மண்ணின் அடிப்பகுதி நிரந்தரமாக உறைந்திருக்க, மேல்படலம் மட்டும் கோடையில் இளகிக் குளிரில் மறுபடி உறையும். உறையும் நீர் விரிவடைந்து தரையை ஒரு பக்கமாகத் தூக்கும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் போதும், பத்திருபது வருடத்தில் மேல்கல் கீழே கிடக்கும்.

ஒவ்வொரு கல்லும் அடியில் உள்ளதை மூன்று இடத்தில் தொட வேண்டும். வைத்துவிட்டு மூலைகளில் அழுத்திப் பார்ப்பார்கள். ஆடினால் கல்லைத் திருப்புவார்கள், அப்படியும் ஆடினால் ஆப்புச் சில்லு செருகுவார்கள். சில்லு ஆட்டத்தை நிறுத்த மட்டும்தான். பாரத்தைத் தாங்குவது அதன் வேலையில்லை. பாரம் சில்லின்மேல் இறங்கினால், விரிசலில் புகுந்த நீர் உறைந்து அதைப் பிளந்துவிடும், அடுக்கு முழுவதும் போய்விடும். சுட்டும் கல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அதன் கனத்தில் பாதிக்கு மேல் உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்பக்கத்தின்மேல் ஒரு கனக்கல்லை ஏற்ற வேண்டும். இனுக்சுக்கின் உச்சியில் காணும் பெரிய கல் 'தலை' என்று நமக்குத் தோன்றும். பல சமயம் அது கீழே உள்ளவற்றை அழுத்திப் பிடிக்கிற பாரக்கல்.

வயதைச் சொல்வதில் உள்ள வம்பு

'ஆயிரம் ஆண்டுப் பழமை' என்று எழுதுவது சுலபம். கல்லைக் கார்பன் முறையில் காலக்கணிப்பு செய்ய முடியாது. அந்த முறைக்கு உயிர்ப்பொருள் வேண்டும். அருகில் எலும்போ கரியோ கிடைத்தால் கணிக்கலாம், ஆனால் அது கல்லை அடுக்கிய அன்றே விழுந்ததா என்ற கேள்வி நிற்கும். இன்றைய இனுயிட்டின் முன்னோர்களான தூலே மக்கள் சுமார் 1,000 ஆண்டுக்கு முன் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவினார்கள். அவர்களுக்கு முன்பே அங்கே இருந்தவர்களைத் 'துனீட்' என்று இனுயிட் வாய்மொழி நினைவுகூர்கிறது. சில பழைய கல்லடுக்குகளை அவர்கள் கட்டியதாகவும் சொல்கிறது.

கொஞ்சம் உதவுவது பாறையில் படரும் லைக்கன், பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், கறுப்புக் கோடுகளோடு, வரைபடம்போலத் தோன்றும் ஒரு வகை துருவப் பகுதியில் வருடத்துக்கு 1 மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவாகவே வளரும். ஆகவே கையகலத் திட்டு என்றால் பல நூற்றாண்டு. ஆனால் அவசரப்படக் கூடாது: கல்லை எடுத்து வைக்கும்போதே அந்தத் திட்டு அதில் இருந்திருக்கலாம். பார்க்க வேண்டியது இணைப்பு. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு இடுக்கைத் தாண்டி லைக்கன் படர்ந்திருந்தால், அந்த இரண்டும் அப்படியே நெடுங்காலம் இருந்திருக்கின்றன என்று பொருள். மாறாக, லைக்கன் உள்ள முகம் கீழ்ப்பக்கம் திரும்பி வெளிச்சம் இல்லாமல் கிடந்தால், அண்மையில் யாரோ புரட்டி வைத்த கல். உச்சியில் ஆரஞ்சு நிறத் திட்டு தெரிந்தால் அது வேறு கதை; பறவை உட்கார்ந்து எச்சமிடும் இடத்தில் செழிக்கும் இனம் அது.

எதிரே ஒன்று நின்றால்

முதலில் அதை விட்டுவிட்டு முதுகைத் திருப்பி நிலத்தைப் பாருங்கள். அங்கிருந்து என்ன தெரிகிறது? நீர் தெரிகிறதா, மலையிடுக்கா, கடற்கரையா? யார், எந்தப் பக்கமிருந்து வந்தால் இது அவர்கள் கண்ணில் முதலில் படும்? பிறகு கல்லுக்குத் திரும்புங்கள். நீளமான கல் எது, அதன் முனை எங்கே போகிறது என்று கவனியுங்கள். திறப்பு இருந்தால் இரண்டு பக்கமிருந்தும் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் வெறும் வானம், மறுபக்கம் எதையோ சட்டமிட்டுக் காட்டும். அடுத்து, சுற்றிலும் அடிவானத்தைத் துழாவி இரண்டாவது ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். வரிசையாகத் தாழ்வானவை தெரிந்தால் வேட்டைப் புனல். தனியாக நீரோரம் நின்றால் மீன்பிடி இடமோ படகு ஒதுங்கும் இடமோ. அடியில் கற்குவியலும் எலும்பும் இருந்தால் கிடங்கு.

இவ்வளவும் செய்தும் பாதிதான் கிடைக்கும். ஒரு பகுதியின் இனுக்சுயிட் எந்த வரிசையில், எந்த வடிவில் வரும் என்பதைப் பயணம் செய்கிறவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 'பிளந்த கல் வரும், அதைத் தாண்டி இரண்டு கால் உள்ளது வரும்' என்பதுபோல. கல் எழுத்து என்றால் அந்த நினைவுதான் அகராதி. இதனால்தான் வடிவத்தை மாற்றக் கூடாது என்பதில் முதியவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். இனுக்சுக்கைக் கலைத்தவரின் ஆயுள் குறையும் என்றே சொல்வார்கள். ஆசையாக உச்சியில் ஒரு கல்லைக் கூடுதலாக வைப்பதும் கலைப்பதுதான். அடுத்து வருபவர் 'இது நான் தேடியது இல்லை' என்று கடந்து போய்விடலாம்.

ஐரோப்பியக் கப்பல்காரர்கள் குவித்த கற்குவியல்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் குவியலின் உள்ளே தகரக் குழாயில் காகிதம் வைப்பார்கள். துருவக் கடலில் காணாமல்போன பிரிட்டிஷ் கப்பல் தலைவர் பிராங்க்ளினின் பயணக் குழு விட்டுச்சென்ற கடைசிச் செய்தி 1859இல் கிங் வில்லியம் தீவில் அப்படி ஒரு குவியலுக்கு அருகில்தான் கிடைத்தது. அங்கே செய்தி காகிதத்தில் இருக்கிறது. இனுக்சுக்கில் கல்தான் செய்தி.

கொடிக்குப் போன கல்

ஃபாக்ஸ் தீபகற்பத்தில், கிங்கைட் ஊருக்கு மேற்கே, கடலைப் பார்த்தபடி நூற்றுக்கு மேற்பட்ட இனுக்சுயிட் ஒரே இடத்தில் நிற்கின்றன. இனுக்சுகலாயிட் என்று பெயர், 'இனுக்சுயிட் நிறைந்த இடம்'. 1969இல் அது தேசிய வரலாற்றுத் தலமானது.

1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் தனிப் பிரதேசமானபோது, கொடியின் நடுவில் சிவப்பு இனுக்சுக் ஏறியது. மேல் மூலையில் வட நட்சத்திரம். பங்னிர்துங் ஊர்க் கலைஞர் ஆண்ட்ரூ கப்பிக் அதன் வடிவமைப்பில் பங்காற்றினார். நிலத்தில் வழிகாட்டுவது, புனிதமான இடங்களைக் குறிப்பது என்பதே அங்கே தரப்பட்ட விளக்கம். ஆளில்லா இடத்தில் 'இங்கே மனிதர் இருந்தார்கள்' என்று சொல்லும் கல், 'இது எங்கள் நிலம்' என்று சொல்லவும் பொருத்தமானதே. சின்னமாக மாறியது இனுயிட் கையாலேயே நடந்தது என்பதை, 'எல்லாம் வணிகம்' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சச்சரவு வந்தது 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில். ஐந்து வண்ணக் கற்களில் சிரிக்கும் மனித உருவம் இலச்சினையானது. 'இலனாக்', நண்பன், என்று பெயர். 1986 உலகக் கண்காட்சிக்காக ஆல்வின் கனாக் என்ற இனுயிட் கலைஞர் கட்டி, இப்போது வான்கூவர் கடற்கரையில் நிற்கும் கல்லுருவம்தான் அதற்கு மாதிரி. நுனாவுட்டின் முன்னாள் ஆணையர் பீட்டர் இர்னிக் போன்றவர்கள் எதிர்த்தார்கள். தலையும் காலும் கையும் உள்ளது இனுக்சுக்கே அல்ல என்பது அவருடைய வாதம். நட்பு என்ற பொருளும் பழைய பெயர்களில் எதிலும் இல்லை. ஆனாலும் பனிவெளியில் மூன்று நாள் தனியாக வந்தவருக்கு எதிரே ஒன்று தெரிந்தால் மனம் குளிரும் என்பதில் ஐயமில்லை. கடைக்காரர் சொன்னதில் பாதி சரி என்பது இந்த அளவில்தான்.

ஒலிம்பிக் நெருங்கிய அந்தச் சமயத்தில் தெற்குக் கனடாவில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் குட்டி உருவங்கள் முளைத்தன. 2007இல் ஒன்டாரியோவின் கில்லார்னி மாகாணப் பூங்கா, நடைபாதையில் இவற்றைக் கட்டாதீர்கள் என்று வருகிறவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அங்கே பாதையைக் காட்டவே கற்குவியல்கள் உண்டு. விளையாட்டாகக் கட்டியதைப் பாதைக்குறி என்று நம்பி நடந்தால் வழி தப்பும். வடக்கே போனால் இன்னும் கவனம் வேண்டும். வட்டமாகக் கிடக்கும் கற்கள் பழைய தோல்கூடாரத்தின் விளிம்பை அழுத்தியவையாக இருக்கலாம். நுனாவுட் சட்டப்படி 50 ஆண்டுக்கு மேற்பட்ட மனிதத் தடயம் தொல்பொருள். அனுமதியில்லாமல் அசைப்பது குற்றம். கல் அடுக்கிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வீட்டுத் தோட்டத்தில் அடுக்குங்கள், அடித்தளத்தைச் சரளையில் வைத்து, ஒவ்வொரு கல்லும் மூன்று இடத்தில் தொடும்படி.